தகரச் சத்தமும் பாஸ்கட் பாலும்

பந்தோடு வளையத்துக்கு எதிரே அந்த வெள்ளைக் கோட்டில் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். மற்ற ஆட்டக்காரர்களுக்கும் இப்படி இருந்திருக்கலாம். ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நான் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. மலைக்குக் கீழே சமவெளியில் ஒரு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பாஸ்கட் பால் டீமில் இருந்தால் விடுதியில் சாப்பாடு இலவசம். கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற எங்கள் பகுதியில், எங்களுக்கு இருந்தது சாமை விளையும் ஒரு மேட்டுக்காடும் நாலு மிளகுக் கொடியும்தான். டீமை விட்டுத் தூக்கினால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு மலையேற வேண்டியதுதான். என் பயம் முழுவதும் அதில் இருந்தது.

எறிவதில் நான் ஒன்றும் சோடையில்லை. வேடிக்கை பார்க்க ஆளில்லாத சாயங்காலப் பயிற்சியில் நான் போட்டால் பந்து வளையத்துக்குள் தானாகப் போகும். மேட்ச் என்று வந்தால் கதையே வேறு. எதிராளி தப்பாக இடித்துவிட்டால், யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிய ஒரு வாய்ப்புத் தருவார்கள். சின்னப் பிள்ளைகூடப் போடலாம். ஊர்ச்சனம் சுற்றி நின்று கத்தும், என் பந்து வளையத்தைத் தொடாமலே கீழே விழும். இப்படிப் பலமுறை ஆகிவிட்டது.

டிரில் மாஸ்டர் கோபக்காரர் இல்லை. அதனால்தான் அவர் சொன்னது இன்னும் உறைத்தது. "லீவு முடிஞ்சு வந்ததும் ஒரு மேட்ச் இருக்குது. அதுலயும் இப்பிடின்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார். ஒரு பழைய தோல் பந்தையும் கொடுத்தனுப்பினார்.

பேளுக்குறிச்சி வழியாக மலையேறி வீட்டுக்கு வந்ததும், மூங்கிலை வளைத்துப் பலாமரத்தில் கட்டி எறிய ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வேட்டையில் ஒருவன் குறி வைத்தால் பக்கத்தில் இருப்பவர்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள். பந்து எறிவதையும் அவர்கள் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நான் கையைத் தூக்கினால் போதும், சாமை குத்திக்கொண்டிருந்தவள் உலக்கையைப் பாதியில் நிறுத்துவாள். பேசிக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடுவார்கள். அந்த அமைதியில் எல்லாப் பந்தும் விழுந்தது. "கையிலயே கண்ணு இருக்குதுங்க" என்று பங்காளிகள் மெச்சினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

என் மனைவி அப்போது எங்கள் சாமைக்காட்டில் குரங்கு விரட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத காலம். ஒருநாள் நான் கையைத் தூக்கிய நேரத்தில் சாமைக்குள் குரங்கு இறங்கிவிட்டது. அவள் மண்ணெண்ணெய்த் தகரத்தைப் படபடவென்று அடித்தாள். என் பந்து எங்கேயோ புதருக்குள் போய் விழுந்தது.

"அறிவிருக்கா உனக்கு? குறி வெச்சுட்டு நிக்கறது தெரியல?" என்று கத்தினேன்.

"ஏனுங்க, நீங்க பந்து எறியற வரைக்கும் கொரங்கு காத்துக்கிட்டு இருக்குமுங்களா?"

புதருக்குள் பந்தைத் தேடும்போதுதான் எனக்கு உறைத்தது. மேட்சில் என் பந்து தவறியதும் இதே மாதிரிதான். நான் எறியப் பழகவில்லை, ஊரே வாய்மூடி நிற்கும்போது எறியப் பழகியிருக்கிறேன். இது புரிந்ததும் சந்தோஷம் வரவில்லை, குலைநடுங்கியது. லீவில் பாதி போய்விட்டது.

"நாளையிலிருந்து நான் எறியறப்பல்லாம் தகரத்தை அடி புள்ள" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஆகாதுங்க. குறி வெக்கற ஆளுகிட்ட சத்தம் போட்டா கையி கெட்டுப் போயிருமுங்க."

எனக்கும் அந்தப் பயம் உள்ளுக்குள் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பயம் கீழே காத்திருந்தது. கெஞ்சினேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி அடித்தாள். ஊர்க்காரர்கள் அவளைத்தான் ஏசினார்கள், புருஷன் கையைக் கெடுக்கிறாள் என்று. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் அடித்தாள்.

முதலில் ஒன்றுகூட விழவில்லை. மேட்டில் ஓடி ஏறி, மூச்சு வாங்க வாங்க வந்து நின்று எறிந்தேன். பந்தை ஒருமுறை தரையில் தட்டு, மூச்சை விடு, வளையத்தை மட்டும் பார், எறி. எத்தனை பதற்றம் இருந்தாலும் இதே வரிசைதான். கொஞ்சம் கொஞ்சமாக விழத் தொடங்கியது. அமைதியில் விழுந்ததில் பாதிகூட இல்லை. என் நிஜமான யோக்கியதை அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டேன்.

லீவு முடிந்து திரும்பியதும் மாஸ்டர் சொன்ன அந்த மேட்ச் வந்தது. ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் சமம். என்னை ஒருவன் இடித்துத் தள்ளினான், விசில் ஊதினார்கள். பந்தை வாங்கிக்கொண்டு கோட்டில் போய் நின்றேன். ஊர் முழுவதும் ஊளையிட்டது. பயம் இம்மிகூடக் குறையவில்லை. தரையில் ஒருமுறை தட்டினேன். மூச்சை விட்டேன். பந்து வளையத்தின் மேல் சுற்றிச் சுற்றி, விழுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, உள்ளே விழுந்தது.

ஜெயித்துவிட்டோம். மாஸ்டர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "இனிமே கடைசி நேரத்துல பந்து உன்கிட்டத்தான் வரும்" என்றார். எல்லோரும் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். நான் அவர்கள் தோள்மேல் இருந்தபடி அந்த வெள்ளைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்தமுறை மலைக்குப் போனபோது என் மனைவியிடம் விவரமெல்லாம் சொன்னேன். அவள் பூரித்துப் போனாள்.

"இப்பப் பயம் போயிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல புள்ள. முன்ன நான் போடமாட்டேன்னு நான் ஒருத்தன்தான் பயந்தேன். இப்ப நான் போட்டுருவேன்னு எல்லாரும் நம்பறாங்க."