பால் காய்ச்சிய அன்று லயத்தில் விட்டுவந்த பூனை

எங்கள் பூனை காணாமல் போனதற்குக் காரணம் மழையா, நாயா, தகரம் கழற்றியவர்களா என்று கேட்டால் எங்கள் தோட்டத்தில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் பால் காய்ச்சியதில் இருந்துதான் ஆரம்பிப்பேன்.

அரநாயக்க டவுனில் இருந்து மேலே ஏறி வந்தால் எங்கள் தோட்டம். உச்சியில் தேயிலை, இறங்க இறங்க ரப்பர், ரப்பர் முடிந்து ஓடையைத் தாண்டினால் சிங்கள ஊர். எங்கள் லயம், ஒரே தகரக் கூரையின் கீழ் குடும்பத்துக்கு ஒரு காம்பராவாக ஒட்டிக் கட்டிய நீள வீடு, தேயிலைக்கும் ரப்பருக்கும் நடுவில், சரிவில் ஒட்டிக்கொண்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் ஊர்களையே மூடிய அந்தப் பெரிய மண்சரிவுக்குப் பிறகு, கொஞ்சம் கனத்த மழை பெய்தாலே போதும், பாய் தலையணையைச் சுருட்டிக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்ப் படுக்கச் சொல்வார்கள். விடிந்ததும் திரும்பி வருவோம். இப்படியே போய், வந்து, போய், வந்து, கடைசியில் எதிர்மலையில் தனித்தனி வீடாகக் கட்டி முடித்து, லயத்தில் இருந்த எல்லாரையும் அங்கே போகச் சொன்னார்கள். பல தலைமுறை காத்திருந்து கிடைத்த வீடு. சந்தோஷம் இல்லை என்று சொன்னால் பொய்.

என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு நாள் காலையில் மரத்தடியில் வாளியோடு விழுந்தார். உயிர் தப்பியது. வலது கையும் வலது காலும் போய்விட்டன, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியவை சில சொற்கள். தண்ணீர் கேட்பார். வேண்டாம் என்பார். அப்புறம் "பூஸ்" என்பார்.

பூஸ் என்பது பெயர் இல்லை. எங்கள் பக்கத்தில் தமிழ் ஆளும் சிங்கள ஆளும் பூனையை அப்படித்தான் கூப்பிடுவார்கள். சாம்பல் நிறத்தில், வால் நுனி மடங்கிய பூனை. அவர் நன்றாக இருந்த காலத்தில் அதைக் காலால் தள்ளிவிட்டு நடப்பார். விழுந்த பிறகு என்ன நினைத்ததோ, அவருடைய அந்தச் செத்த கையின்மேல்தான் வந்து படுக்கும். கையில் ஒரு உணர்ச்சியும் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் பூனை வந்து படுத்ததும் அவர் கண்ணை மூடிக்கொள்வார். அது பக்கத்தில் இருந்தால்தான் வாயைத் திறந்து சோறு வாங்குவார். ஒரு வாய் அவருக்கு, ஒரு துண்டு கருவாடு அதற்கு. பக்கத்துக் காம்பராக்காரி முன் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று இதைப் பார்த்துச் சொல்வாள்:

"நீ ஆக்கிப் போட்டு என்ன புள்ள புண்ணியம்? அந்தாளு பூனைக்குத் தொணையால்ல சாப்புடுறாரு."

சிரிப்பேன். உள்ளுக்குள், பூனைக்கு ஒன்று ஆகிவிட்டால் இவர் என்ன ஆவார் என்று ஒரு பயம் எப்போதும் இருந்தது.

புது வீட்டில் பால் காய்ச்ச ஓப்பநாயக்கவில் இருந்து என் மதினி வந்திருந்தார்கள். மதினி என்றால் வீட்டுக்காரரின் அக்கா. தம்பி விழுந்ததில் இருந்து அவர்களுக்கு எதைப் பார்த்தாலும் சகுனம்தான். சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது பூனை சாக்குமேல் ஏறி உட்கார்ந்தது. மதினிக்கு முகம் மாறிவிட்டது.

"இது எங்க வருது?"

"நம்ம கூடத்தான் மதினி. அவரு இது இல்லாம இருக்க மாட்டாருங்க."

"வரட்டும், யாரு வேணாங்குறது? ஆனா இன்னிக்கி வேணாம் புள்ள. பால் பொங்குற நேரத்துல பூனை குறுக்கப் போச்சுன்னா நல்லாவா இருக்கும்? ஏற்கனவே என் தம்பிய படுக்கையில பாத்துட்டேன். பாலு காயட்டும், சாமி கும்புட்டு முடிக்கட்டும். நாளைக்கி நானே வந்து தூக்கிட்டு வாறேன்."

அதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. வெளியே கிளம்பும்போது பூனை குறுக்கே போனால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவர்கள்தானே நாங்கள் எல்லாரும். வேலைக்குப் போகும்போது பார்க்கிற அதே சகுனத்தை வீடு குடிபோகும்போது பார்க்காமல் இருப்போமா? அடுக்களைக்குள் சோறும் கருவாடும் தண்ணீரும் வைத்து, பூனையை உள்ளே விட்டு, கதவை இழுத்துப் பூட்டினோம். உள்ளே இருந்து ஒரு முறை கத்தியது. வீட்டுக்காரரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தபோது "பூஸ், பூஸ்" என்றார். "நாளைக்கி வந்துரும்டா" என்றார்கள் மதினி.

பால் நன்றாகத்தான் பொங்கியது. கிழக்கே வழிந்தது. மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே மழை பிடித்தது. மறுநாள் விடவே இல்லை. ஓடையில் தண்ணீர் பாலத்துக்கு மேலே போகிறது, யாரும் இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த நாள் மழை விட்டதும் நானும் மதினியும் சாக்கை எடுத்துக்கொண்டு போனோம். பூனையைச் சாக்கில் போட்டு, வழி தெரியாமல் இருக்க இரண்டு சுற்றுச் சுற்றித் தூக்கி வர வேண்டும் என்று வழியெல்லாம் மதினி எனக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே வந்தார்கள்.

லயத்துக்கு மேலே தகரமே இல்லை.

குடும்பம் காலி பண்ணினால் அன்றைக்கே கூரைத் தகரத்தைக் கழற்றிவிடுவது தோட்டத்தில் வழக்கம்தான். விட்டால் வேறு யாராவது வந்து குடியேறிவிடுவார்கள் என்று அப்படிச் செய்வார்கள். எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்கள் விறகும் கோழிக்கூடும் அங்கே கிடந்தன, கதவில் பூட்டுத் தொங்கியது. அதனால் எங்கள் காம்பராவை மட்டும் விட்டுவைப்பார்கள் என்று நினைத்துவிட்டோம். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தேன். உள்ளே தரை முழுக்கத் தண்ணீர். வைத்த சோறு மிதந்தது. மேலே வானம் தெரிந்தது.

தகரம் கழற்றியவரும் எங்கள் லயத்து ஆள்தான். பக்கத்துக் காம்பராக்காரியின் புருஷன். போய்க் கேட்டேன்.

"ஆமாங்க்கா, மொத தகரத்தத் தூக்குனப்பவே ஒண்ணு பாஞ்சிச்சி. எம் மொகத்துல விழாத கொற. உள்ள பூனை இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் புடிச்சிருப்பேன்ல?"

"எந்தப் பக்கம் போச்சி?"

"கீழ. ரப்பர் மலைப்பக்கம்."

அவரைக் கோபித்து என்ன செய்ய? அவர் வீட்டுத் தகரத்தையும் அவர்தான் கழற்றினார்.

அன்றில் இருந்து தேட ஆரம்பித்தோம். காலையில் வேலைக்குப் போய் வந்ததும் நான் இறங்குவேன். ஊருக்குத் திரும்ப வேண்டிய மதினி திரும்பவில்லை, என்னோடு இறங்குவார்கள். சும்மா இருந்த காலத்தில் பூனைக்கு என்ன ஆபத்து என்று நினைத்தே பார்த்தது கிடையாது. தேடப் போன பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. ரப்பர் ஓரத்தில் காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு. கான் என்கிற வடிகால் ஓரம் களைமருந்தடித்துக் கருகிக் கிடந்த புல். மருந்தடிக்கிற அன்று மாட்டைக் கட்டுங்கள், ஆட்டைக் கட்டுங்கள் என்று கங்காணி சொல்லிக்கொண்டு போவார், பூனையைக் கட்டுங்கள் என்று யார் சொல்வார்கள்? ரோட்டில் கொழுந்து லொறி வளைவில் வருகிற வேகம். மலைப்பாம்பு இழுத்த கோழியின் இறகு.

இதையெல்லாம் விட, நாய்கள். லயத்து நாய்கள். புது வீட்டுக்கு எல்லாரும் தட்டுமுட்டுச் சாமானைக் கொண்டுபோனார்கள். இடம் சின்னது, வேலி இல்லை, பக்கத்து வீட்டோடு சண்டை வரும் என்று நாய்களைப் பலர் விட்டுவிட்டார்கள். சோறு போட ஆள் இல்லாமல் அவை கூட்டமாகச் சேர்ந்து திரிந்தன.

பக்கத்துக் காம்பராக்காரி தன் புது வீட்டு வாசலில் இருந்து எங்களைப் பார்த்துக் கேலி பண்ணினாள்.

"ஒன் புருசன் சம்பளத்தன்னிக்கிக் குடிச்சிட்டுக் கான்ல கெடப்பாரே, அப்பகூட நீ இப்பிடித் தேடலியே புள்ள!"

"அவரு தானா வந்துருவாரு. இது வரலியே."

அதற்கு மேல் அவள் கேலி பண்ணவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

வீட்டில் அவர் வாயைத் திறப்பதை நிறுத்திவிட்டார். கஞ்சியைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "வேணாம்." மருந்தையும் துப்பினார். நர்ஸ் அம்மா வந்து பார்த்துவிட்டு, இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். மதினி தம்பியின் காதருகே உட்கார்ந்து பொய் சொன்னார்கள். "பூனை அங்க எலி புடிச்சிக்கிட்டு இருக்குடா. கொழுத்துப் போய்க் கெடக்கு. நாளைக்கி வரும்." அவர் மதினியைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. மதினி எழுந்து பின்பக்கம் போய்விட்டார்கள். போய்ப் பார்த்தால் தண்ணீர்ப் பீப்பாயைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றார்கள்.

"நல்லதுக்குத்தானே புள்ள சொன்னேன். எந் தம்பிக்கி நல்லது நடக்கணும்னுதானே சொன்னேன்."

"அழுவாதீங்க மதினி" என்றேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம் சிங்கள ஊரில் கித்துள் மரத்தடியில் ஒரு அக்கா விறகு பிளந்துகொண்டிருந்தார். "அக்கே, பூசெக் தெக்காத?" என்று கேட்டேன், பூனை ஒன்றைப் பார்த்தீர்களா என்று. நிறத்தையும் மடங்கிய வாலையும் கையால் காட்டினேன். அவர் கோடரியைக் கீழே வைத்துவிட்டார்.

"அனே" என்றார். இப்படி ஒரு பெருமூச்சோடு ஆரம்பித்தால் நல்ல செய்தி இருக்காது. அவர் சிங்களத்தில் சொன்னதை நான் மதினிக்குத் தமிழில் சொன்னேன். மழை விட்ட அன்று காலையில், நனைந்து ஒட்டிப்போன சாம்பல் பூனை ஒன்று அவர் அடுப்படிப் பக்கம் வந்ததாம். பாலூற்றி வைத்தாராம். குடிக்கவில்லையாம். மேலே லயத்துப் பக்கமே பார்த்துக் கத்தியதாம். பிறகு ஓடையைத் தாண்டி ஏறியதாம். ஏறும்போது நாய்கள் சூழ்ந்துகொண்டனவாம். இவர் தடியை எடுத்துக்கொண்டு ஓடினாராம், போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. கிடந்த இடத்திலேயே மண்ணைத் தள்ளி மூடியதாகச் சொல்லி, கூட்டிப்போய்க் காட்டினார். அங்கே ஒரு காட்டு இலையைக்கூட வைத்திருந்தார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க மதினி, "அவன்கிட்ட சொல்லாத, சொல்லாத" என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார்கள். நான் சொன்னேன். பேச்சு வராதவர் என்பதற்காக அவருக்குப் புரியாது என்று நடத்த எனக்கு மனசு வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாய் கடித்துப் பூனை செத்துப்போச்சு, ஓடைக்கரையில் புதைத்திருக்கிறது, நான் பார்த்துவிட்டு வந்தேன் என்று நேராகச் சொன்னேன். அவர் அழவில்லை. நல்ல கையால் வெளியே காட்டினார். லயம் இருந்த மலையைக் காட்டினார்.

மறுநாள் நாலு பேர் அவரைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். தகரம் கழற்றியவர் முன்னால் பிடித்தார். "மாமா, முந்தியெல்லாம் ஒங்களத் தூக்க எட்டுப் பேரு வேணும், இப்ப என்னா பஞ்சு மாரி இருக்கீங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியில்லையோ என்று அவரே வாயை மூடிக்கொண்டார். நான் ஒரு டப்பாவில் சோறும் கருவாடும் பிசைந்து எடுத்துக்கொண்டேன், புதைத்த இடத்தில் வைக்கலாம் என்று. ஆனால் ஓடைக்கு இறங்குகிற வழி மழையில் சறுக்கியது, கதிரையோடு இறங்க முடியவில்லை. எங்கள் காம்பரா வாசலிலேயே அவரை இறக்கினோம்.

கூரை இல்லாத சுவர்களை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சத்தம் கேட்டு நாய்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஐந்தாறு. விலா எலும்பு எண்ணுகிற மாதிரித் தெரிந்தது. எங்களை அடையாளம் கண்டு வாலை ஆட்டின. ஒன்று குழைந்து குழைந்து, தகரம் கழற்றியவரின் காலடியில் வந்து படுத்தது. அவர் வீட்டு நாய் அது. மதினி கல்லை எடுத்துவிட்டார்கள்.

"எடு செருப்ப! கொன்னுட்டு வாலா ஆட்டுதுக?"

வீட்டுக்காரர் இடது கையைத் தூக்கினார். மதினியின் கையில் இருந்த கல் அப்படியே நின்றது. அவர் நாய்களைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த டப்பாவைக் காட்டி, விழுந்த நாளில் இருந்து நான் கேட்காத ஒரு சொல்லைச் சொன்னார்.

"போடு."

டப்பாவைத் திறந்து தரையில் கொட்டினேன். நாய்கள் பாய்ந்தன. சோறு கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்தது, அப்புறம் சிமெண்டை நக்கின. மதினி கல்லைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்கள்.

திரும்பும்போது நாய்கள் எங்கள் பின்னாலேயே வந்தன. ரோட்டு வளைவு வரைக்கும் வந்தன. கதிரையைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர், "இதுகளையும் கூட்டிட்டுப் போவமா?" என்று கேட்டார். தகரம் கழற்றியவர் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார், பிறகு கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கஞ்சியைக் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறந்தார். பசியில் திறந்தது இல்லை, எனக்குத் தெரியும். மூன்று வாய் வாங்கினார். நாலாவதுக்குக் கண்ணீர் வழிந்து கஞ்சியில் கலந்தது. நான் துடைத்துவிட்டு, அடுத்த வாயை ஊதினேன்.