தோற்ற கதையைத் தானே சொன்ன எங்கள் அண்ணை

சண்டிலிப்பாயில் தோட்டக்காரக் குடும்பம் ஒன்றின் மூத்த பிள்ளையாய்ப் பிறந்தவர் எங்கள் அண்ணை. அவருக்குப் பின் நான் ஒருத்திதான். கணினி படித்து, கொழும்பில் வேலை பார்த்து, "இனி ஊரிலைதான்" என்று திரும்பி வந்தார். கைபேசியில் கேட்டால் தோட்டத்து மரக்கறி பட்டணத்து வீட்டு வாசலுக்கே வரும். அதுதான் அவர் தொடங்கிய கொம்பனி.

தொடங்கியது நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிய கிழமை. கேட்டவர்களுக்கு அனுப்பி முடியவில்லை. அண்ணைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்னொரு வாகனம் எடுத்தார், பெரிய கட்டடத்துக்கு மாறினார், ஆட்களைச் சேர்த்தார். தேரும் தீர்த்தமும் முடிந்தன, கேட்பாரைக் காணவில்லை. செயலியில்தான் கோளாறு என்று அதையே குடைந்துகொண்டிருந்தார். மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாதான் ஒருநாள் சொன்னார்: "திருவிழா முடிஞ்சுதெல்லோ தம்பி. இனி ஆர் மரக்கறியோடை மட்டும் இருக்கப்போயினம்?"

ஊரே மச்ச மாமிசம் தொடாமல் விரதம் இருந்ததை, தானும் கூடவே விரதம் பிடித்த மனிதர் மறந்துபோனார்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. சில மாதங்களில் கொம்பனியை மூடவேண்டியதாயிற்று.

அம்மாவால் தாங்க முடியவில்லை. ஏன் மூடியது என்று கேட்டவர்களிடம், ஊரார் கண்பட்டு நாவூறு பட்டுவிட்டது என்றார். பிறகு கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார். அண்ணையோ பந்தியில் இருந்தபடி தானே தொடங்குவார்: "நான் விரதத்தை வளர்ச்சி எண்டு நினைச்சிட்டன்." சிரிப்பவர்களோடு சேர்ந்து சிரிப்பார். வேலை இழந்தவர்களிடம் மட்டும் அவர் சிரிக்கவில்லை. வீடு வீடாய்ப் போய் மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கு வேறு வேலை தேடியும் அலைந்தார். அடுத்த முறை சின்னதாய்த் தொடங்கி, ஒரு வருடம் முழுக்கப் பார்த்த பிறகே ஆள் சேர்த்தார். அது இன்றும் நடக்கிறது.

பிறகு அண்ணைக்கு நோய் வந்தது. கொம்பனி போன கவலைதான் பிள்ளையைத் தின்றுவிட்டது என்று அம்மா உள்ளுக்குள் உருகினார். ஆஸ்பத்திரியில் ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இல்லையம்மா," என்றார் அண்ணை. "நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டு நல்லாய் நித்திரை கொண்டனான். ஒளிச்சு ஒளிச்சு நித்திரை கெட்டது நீங்கள்தான்."

அம்மா அழுது தீர்த்தார். அன்று நெடுநாளைக்குப் பின் வயிறாரச் சாப்பிட்டார். பிறகொருநாள் எங்கள் நடுவில் அண்ணை அமைதியாய்க் கண்மூடினார். பிரிவு பிரிவுதான், ஆனால் மனக்குறையோடு அவர் போகவில்லை என்பதில் எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

நோயில் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், பந்தல் போட்டுத் தேநீரும் தந்த அயலவர்கள், அன்று வேலை இழந்தும் சவப்பெட்டி தூக்க முதலில் வந்து நின்ற அவருடைய தோழர்கள், எல்லோருக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இந்த நினைவு மலரில் கொம்பனி மூடிய கதை வேண்டாம் என்று பெரியப்பா சொன்னார். நான் தயங்கி அம்மாவைப் பார்த்தேன்.

"எழுது பிள்ளை. அவன் சொல்லிச் சிரிச்சதை நாங்கள் ஏன் ஒளிக்கிறது? நான் சொல்லுறன்."

அம்மா சொல்லச் சொல்லத்தான் எழுதினேன். இடையில் அவரே சிரித்தும்விட்டார்.

தங்கை