ரெக்கார்டு நோட்டில் பன்னிரண்டு

காலை எட்டு மணிக்கு பெஞ்சில் இருந்தவர்கள்: சர்க்கரை பார்க்க வந்த டெய்லர். காய்ச்சல் குழந்தையோடு ஓர் அப்பா. உட்காராமல் கால் மாற்றி மாற்றி நின்ற பூக்கடை அக்கா. பி.யூ. காலேஜ் சீருடையில் ஒரு பெண். அவளுடைய அம்மா. உள்ளே நான். மைசூர் அக்ரஹாரப் பேட்டையில் இந்த லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை.

அந்தப் பெண் கையை நீட்டினாள். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தேன். உள்ளங்கை சாக்பீஸ் நிறத்தில் இருந்தது. அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டெய்லருக்குக் கொடுக்க வேண்டிய சீட்டைப் பூக்கடை அக்காவிடம் கொடுத்தேன்.

நானும் பி.யூ.தான், தமிழ்நாட்டு ப்ளஸ் டூ மாதிரி. அதோடு சரி. ஆனால் நான் படித்தது லேப் டெக்னீஷியன் பிரிவு. அப்போது மைசூரில் சில காலேஜ்களில் அப்படிக் கைவேலைப் பிரிவுகள் இருந்தன. படித்து முடித்ததும் வேலைக்குப் போகலாம் என்றார்கள். கட்டட வேலை செய்த அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. பாதி நாள் பாடம், பாதி நாள் லேப். லேபுக்கு நோயாளி யார் வருவார்? நாங்களேதான் நோயாளி. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, ஒருத்தி விரலை ஒருத்தி குத்த வேண்டும்.

என் ஜோடி மாதேஸ்வரி. கோபிநத்தத்துக்காரி, ஹாஸ்டலில் இருந்தாள். மாடிப்படி ஏறும்போது நடுவில் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏ கிழவி, ஏறுடி" என்பேன்.

"படி எங்கியும் ஓடிப் போயிராது புள்ள. நீ போ."

சாக்பீஸ் தின்பாள். போர்டுக்குக் கொஞ்சம் மிச்சம் வையென்று சிரிப்போம். ரத்தம் குறைந்தால் அப்படித் தின்னத் தோன்றும் என்று எங்களுக்குத் தெரியாது. படித்துக்கொண்டிருந்ததே ரத்தத்தைப் பற்றித்தான்.

அப்போது மெஷின் இல்லை. கண்ணாடிக் குழலில் ரத்தத்தை வாயால் உறிஞ்சி எடுப்போம். ஒரு தடவை அவள் ரத்தம் என் வாய்க்குள்ளேயே போய்விட்டது. துப்பினேன். "உப்புப் போதுமா?" என்று கேட்டாள்.

எடுத்த ரத்தத்தை ஆசிட்டில் விட்டால் பழுப்பாகும். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வந்ததும் நிறுத்தி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதை ஹீமோகுளோபின் அளவாக எழுத வேண்டும். பெண்களுக்குப் பன்னிரண்டு வர வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். குறைந்தால் கை சரியில்லை என்பார். மாதேசுவுடைய ரத்தம் எப்போதும் பாதியிலேயே நிறத்துக்கு வந்துவிடும். எனக்குக் கை சரியில்லை என்று நினைத்தேன். பன்னிரண்டு வரும்வரை தண்ணீர் ஊற்றுவேன். குழாயில் இருப்பது வெளுத்துப் போகும். ரெக்கார்டு நோட்டில் அழகாகப் பன்னிரண்டு என்று எழுதுவேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று மிஸ் பாராட்டியிருக்கிறார்.

கடைசி வருஷ ப்ராக்டிகல் பரீட்சைக்கு வெளிக் காலேஜிலிருந்து ஒரு சார் வந்தார். ஒவ்வொரு மேஜையாக நின்று பார்த்தார். எங்களுக்கு முன் மேஜையில் அவர் இருந்தபோது, என் குழாய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஆறு.

மாதேசு எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் ஊத்து புள்ள."

"நிறம் வந்திருச்சுடி."

"எனக்குத் தெரியும். எப்பவும் அங்கதான வருது? நோவுன்னு தெரிஞ்சா எங்கய்யன் ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. அப்பறம் படிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. பன்னண்டுன்னு எழுதிப்போடு. உனக்கும் மார்க்கு வரும்."

தண்ணீர் சொட்டும் குழல் என் கையில்தான் இருந்தது. வெளுத்த அவள் உதட்டைப் பார்த்தேன். இரண்டு வருஷமாகப் பார்த்த உதடுதான். ஆறு என்று எழுதினேன்.

சார் பார்த்தார். "தப்பு. இன்னொம்மே மாடு" என்று கன்னடத்தில் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். மறுபடி குத்தினேன். மறுபடி ஆறு. பிறகு அவரே அவள் விரலைக் குத்திப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். என் ரெக்கார்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவள் பெயருக்கு நேரே எங்கும் பன்னிரண்டு. என்னைத் திட்டியிருந்தாலாவது தேவலை. அவளை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி மிஸ்ஸிடம் சொன்னார்.

மாதேசு என் பக்கம் பார்க்காமல் போனாள்.

இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். மூன்றாம் நாள் அவள் அப்பா வந்து பெட்டியோடு கூட்டிப்போனார். தியரி பரீட்சைக்கு அவள் வரவில்லை. நான் எழுதி, அதில் ஃபெயில் ஆனேன்.

பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். பழைய ரெக்கார்டுகளை எடுத்துப் போகச் சொன்னார்கள். போய் வாங்கி வந்தேன். லேப் இருந்த அறையில் இப்போது கம்ப்யூட்டர்கள். பழுப்புக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் அந்தப் பெட்டி எங்கள் லேபில்கூட இல்லை. இங்கே வரும் புதுப் பெண்களுக்கு அது என்னவென்றே தெரியாது. மாதேசு எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள், தெரியாது. கோபிநத்தம் பக்கத்திலிருந்து யார் வந்தாலும் விசாரிக்க வாய் எடுக்கிறேன். கேட்டதில்லை.

இன்று அந்தப் பெண்ணுக்கு மெஷின் காட்டிய குறைந்த எண்ணை அப்படியே அடித்துக் கொடுத்தேன். டாக்டரிடம் இப்போதே போங்கள் என்று அவள் அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டை எடுத்து உட்கார்ந்தேன். மாதேஸ்வரி என்ற பெயருக்கு நேரே, நல்ல கையெழுத்தில், பன்னிரண்டு என்று இருந்த இடங்களை எண்ணினேன்.

ஒன்பது.