அக்காவிடம் சொல்லாமல் பார்த்த கோட்டை

மேவிஸ் ஹாடருக்குப் பொய் சொல்ல வராது. செருப்புக் கடையில் இருந்தபோது, காலைக் கடிக்கும் ஜோடியை நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் முதலாளியிடம் திட்டு வாங்கியவள். அக்கா டோரீனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலற்றுப் போனதும் வேலையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளுவதுதான் அவள் வேலை.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் பல் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு பெரிலைத் துணைக்கு வைத்துவிட்டு, தேவாலயத்துப் பெண்களோடு பஸ்ஸில் வெல்பரிக்குக் கிளம்பினாள். வெல்பரிக் கோட்டை குன்றின்மேல் இருக்கிறது, நாற்காலி ஏறாது. சொன்னால் அக்கா ஏங்கிப்போவாள் என்று தனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டாள். உண்மையில், ஒரு நாளாவது கைவீசி நடக்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

நடந்தாள். கூரையில்லாத கூடத்தில் புல்மேல் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் தின்றாள். சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த, அந்தக் காலத்துக் கோட்டைப் பிரபுவின் கழிப்பறையைக் காட்டி யாரோ கேலி பேச, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்த வாய் மூடுவதற்குள், பெரில் மத்தியான மாத்திரையைக் கொடுத்திருப்பாளா என்ற நினைப்பு வந்துவிட்டது. அப்புறம் வாங்கிய தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு மணி பார்த்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் டோரீன் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மூக்கெல்லாம் செவந்திருக்கே. வெயில்ல உக்கார வச்சா பல்லைப் பாத்தாங்க?"

மேவிஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஏற்றத்தில் நாற்காலி வராது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

"மேல கூட்டிட்டுப் போன்னு கேட்டிருக்க மாட்டேன்டி. கீழ விட்டிருந்தா, நீ ஏறுறதப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

அப்படி யாரும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் போனேன் என்பதை மேவிஸால் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் டாக்சி பிடித்து இருவரும் போனார்கள். டோரீனை அடிவாரத்தில் நிழலில் நிறுத்திவிட்டு மேவிஸ் ஏறினாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். டோரீன் நல்ல கையைத் தூக்கி, போ போ என்று காட்டினாள். மேவிஸுக்கு உள்ளே போக மனசு வரவில்லை. இறங்கி வந்துவிட்டாள்.

"இவ்வளவு தூரம் வந்து உள்ள போகாம வர்றியே, உனக்குப் புத்தி இருக்கா?" என்று டோரீன் திட்டினாள்.

மேவிஸ் போய் இரண்டு ஐஸ்கிரீம் வாங்கி வந்து, ஒன்றை அக்காவின் கையில் கொடுத்து, அவள் மோவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டாள்.