அண்ணனுக்குத் தராமல் விட்ட கைப்பிரதி

எண்பதுகளின் கடைசியில் எனக்கு ஊழிய வைராக்கியம் கொஞ்சம் அதிகம். ராஜபாளையத்தில் மில் வேலை. வார லீவு நாளில் கைப்பிரதிக் கட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுவேன். பிரதியின் முகப்பில் நரகத்தின் படம் இருக்கும், சிவப்பு மையில் கொழுந்துவிட்டு எரியும். அதன் கீழே, ‘இன்றே மனந்திரும்பு’. ஒருவர் விடாமல் கொடுப்பேன். சித்திரை வெயிலுக்கு வாங்கிய கையோடு விசிறிக்கொள்வார்கள். நரக நெருப்பை வைத்துக் காற்று வாங்குகிறார்களே என்று எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அப்படி ஒருநாள் பஸ்ஸின் நடுவில் என் அண்ணன் உட்கார்ந்திருந்தார். எங்களுக்குள் மூன்று வருஷமாகப் பேச்சில்லை. என் மகளின் ஞானஸ்நான விருந்தில், சோறு வேகவில்லை என்று பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். மனஸ்தாபத்தோடு சபையில் திருவிருந்து அப்பம் எடுக்கக் கூடாது என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டிருந்தேன். அவரே முதலில் பேசட்டும் என்று ஜெபத்தில் ஆண்டவருக்கும் சொல்லி வைத்திருந்தேன்.

அவருக்கு முன் சீட்டில் இருந்த பூக்காரம்மாவுக்குக் கொடுத்தேன். பின் சீட்டுக்காரருக்கும் கொடுத்தேன். அண்ணனை மட்டும் தாண்டிவிட்டேன்.

அண்ணன் திரும்பினார். “ஏலே, எனக்கு எங்க? எனக்கு நரகந்தான்னு நீயே முடிவு பண்ணிட்டியோ?”

பூக்காரம்மா சிரித்துக்கொண்டே தன்னுடையதை நீட்டினார். தம்பி கையால்தான் வாங்குவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

எனக்குக் காது சுட்டது. நரகம் உண்டென்று மெய்யாகவே நம்புகிறவன் நான், இன்றைக்கும் நம்புகிறேன். ஊர் பேர் தெரியாதவர்களையெல்லாம் எச்சரித்துவிட்டு, கூடப்பிறந்தவரை மட்டும் எப்படியும் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். திரும்பிப் போய் ஒன்றைக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார்.

“இந்த நெருப்புல கொஞ்சத்த அன்னைக்கு ஒன் சமையக்காரன்ட்ட குடுத்திருந்தா, சோறு வெந்திருக்கும்லே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை.

“வேகலதாண்ணே,” என்றேன்.

அவர் பக்கத்தில் வைத்திருந்த பையை மடியில் எடுத்துக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். ஊர் வருகிறவரைக்கும் மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிசைக்காரர்களுக்கு அன்று மனந்திரும்பும் அழைப்பு போய்ச் சேரவில்லை. ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.