தூக்கினால் தப்பு

அவளுக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டு. தூக்கு. போலியோ வந்து இடது கால் சூம்பிப்போன நாளிலிருந்து அவளை யார்தான் தூக்கவில்லை? அம்மா தூக்கினாள், சரி, அம்மா தூக்கலாம். பள்ளிக்கூட ஆயா தூக்கினாள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆட்கள்கூட ஒரு வார்த்தை கேட்காமல், அக்குளில் கையைக் கொடுத்து, மூட்டையை ஏற்றுவதைப் போல ஏற்றி வைத்துவிட்டு, பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட முகத்தோடு நிற்பார்கள். ஊன்றுகோல் ஒரு பக்கம் கிடக்கும், அவள் ஒரு பக்கம் கிடப்பாள். இதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும்.

பள்ளியில் விளையாட்டு பீரியட் என்றால் டீச்சர் அவளிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "நீ எல்லார் பையையும் பாத்துக்கோ." வகுப்பே மைதானத்தில் கத்திக் கூச்சல் போட்டு ஓடும்போது இவள் படிக்கட்டில் பைகளுக்குக் காவல் இருப்பாள். வேடிக்கை என்னவென்றால், வளர்ந்து அவள் பிடித்த தொழிலும் பைதான். மார்க்கெட் தெருவின் கடைசிக் கடை அவளுடையது. ஜிப் போன பை, பிடி அறுந்த சூட்கேஸ், கிழிந்த லாரித் தார்ப்பாய் எல்லாம் அவளுடைய மோட்டார் மெஷினுக்குக் கீழே போய் ஆளாகித் திரும்பும். தெருவில் அவளுக்குப் பெயரே பைக்காரி. "என் தலையெழுத்து அந்த டீச்சருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர, அந்த டீச்சரை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை. நானாக இருந்தாலும் மன்னிக்க மாட்டேன்.

நாற்பதை நெருங்கும் வயதில்தான் அது நடந்தது. காலுக்குப் போடும் காலிப்பரை மாற்றிக்கொள்ள மருத்துவ மையத்துக்குப் போனவள், உள்கூடத்தில் ஒரு காட்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். இடுப்பளவு உயரத்தில் ஒரு வலை. அதன் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தபடி சிலர் பந்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்குக் கால் இல்லை, இன்னொருவருக்கு இருந்தும் பயனில்லை. கையால் தரையைத் தள்ளித் தள்ளி அவர்கள் நகர்ந்த வேகம் இருக்கிறதே, அடேயப்பா!

"இது என்ன ஆட்டம்மா?" என்று அங்கிருந்த பிசியோதெரபி பெண்ணைக் கேட்டாள்.

"உக்காந்து ஆடற வாலிபால்க்கா. எல்லாம் வாலிபால் மாதிரியேதான். பந்தைத் தொடும்போது மட்டும் உக்காந்த இடம் தரையை விட்டு எழும்பக் கூடாது. உடம்பைத் தூக்கினா தப்பு, எதிர் டீமுக்குப் பாயிண்ட்."

"தூக்கினா தப்பா?"

"ஆமாக்கா, தூக்கினா தப்பு."

பைக்காரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. "இப்படி ஒண்ணு இருக்குன்னு இத்தனை வருஷமா ஏன் யாருமே எனக்குச் சொல்லல?" என்று அந்தப் பெண்ணிடம் சண்டைக்கே போனாள். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள், அவள் வேலைக்குச் சேர்ந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் தார்ப்பாய் நாடாவை வெட்டி ஒரு வலை தைக்க உட்கார்ந்தாள். அவள் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். "இருக்கற வேலை பத்தலையா உனக்கு? இந்த வயசுல பந்து வேறயா?" என்று முணுமுணுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனைக் கழுவி வாசலில் நிறுத்தியவரும் அவர்தான். வேன் தெருத் தெருவாகப் போனது. மாவு மில்லில் கணக்கெழுதும் பெண், செயற்கைக் கால் போட்ட தொலைபேசி ஆபரேட்டர், ஒரு கை மட்டுமே உள்ள கல்லூரி மாணவி என்று ஒவ்வொருவராக ஏறினார்கள். ஆட்டத்தில் யாராவது எழும்பிவிட்டால் "தூக்கல்!" என்று கூட்டமாகக் கத்துவார்கள். பைக்காரிதான் எல்லோரையும்விட உரக்கக் கத்துவாள். பிடிக்காத சொல்லாயிற்றே, வாய் நிறையக் கத்தித் தீர்த்துக்கொண்டாள்.

இந்த ஆட்டத்துக்குத் தரைதான் உயிர். சொரசொரப்பான சிமெண்டில் ஆடினால் தொடைத் தோல் உரிந்துவிடும், மண்ணில் நகரவே முடியாது. வழவழப்பான தரை, ஏறப் படியில்லாத வாசல், இரண்டும் சேர்ந்த இடம் அந்த வட்டாரத்தில் ஒன்றுதான் இருந்தது. மார்க்கெட் வியாபாரிகள் சங்கத்தின் மண்டபம். வருடத்துக்கொரு முறை கூட்டம் போடுவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும். சங்கத் தலைவர் பாத்திரக்கடை முதலாளி. பைக்காரி போய்க் கேட்டதும் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். "பாவம், ஆடிட்டுப் போகட்டும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சொன்னது இவள் காதிலும் விழுந்தது. சுருக்கென்றது. இருந்தாலும் தரை வேண்டுமே, பல்லைக் கடித்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஒரு வருடம் நன்றாகவே போயிற்று. தூரத்துக் குடியிருப்புகளிலிருந்தும் ஆட்கள் கேட்டு வர ஆரம்பித்தார்கள். அந்த நேரத்தில்தான் தலைவர் அவள் கடைக்கே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"ஏம்மா, கோவிச்சுக்காதே. சங்கத்துல கேள்வி கேக்கறாங்க. பத்துப் பேருக்காக மண்டபத்தை ஒதுக்கி வெச்சிருக்கோமாம். பிளாஸ்டிக் சாமான் வெக்க குடோனா விட்டுடலாம்னு பேச்சு."

அவள் மெஷினை நிறுத்தினாள். அந்தத் தரை போனால் ஆட்டமும் போயிற்று, வேறு இடமே இல்லை. மறுபடியும் எல்லோரும் அவரவர் வீட்டில் ஜன்னலோரம் உட்கார வேண்டியதுதான்.

"பத்துப் பேர்தான் ஆடறோங்கறது பிரச்சினையா ஐயா? நூறு பேர் ஆடினா?"

"நூறு ஊனமுள்ளவங்களுக்கு எங்கம்மா போவே?"

"ஊனம் எதுக்குங்க? உக்கார ஒரு இடம் உடம்புல இருந்தா போதும். அது உங்களுக்கும் இருக்கே!"

தலைவர் தன்னை மறந்து சிரித்துவிட்டார். சிரித்த வாயை அவர் மூடுவதற்குள் அவள் கேட்டு வாங்கிவிட்டாள். அடுத்த கூட்டத்துக்கு எல்லா வியாபாரிகளும் வரும்போது மண்டபத்தில் ஒரு ஆட்டம். மார்க்கெட் அணியும் அவள் அணியும் மோதும். ஆட்டத்தைப் பார்த்துவிட்டு குடோன் விஷயத்தை முடிவு செய்துகொள்ளட்டும்.

அதற்குப் பிறகு அவளைக் கடையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. ஆடுவதற்கு ஆள் சேர்க்க ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு கதவு கதவாக ஏறி இறங்கினாள். வங்கி மேனேஜர் பார்க்கலாம் என்றார். அவள் அங்கேயே உட்கார்ந்து அவர் பார்க்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள், கடைசியில் மார்க்கெட் அணிக்கு வங்கியிலிருந்து ஒரு ஆளைத் தருவதாக ஒப்புக்கொண்டார். நர்சிங் கல்லூரி மாணவிகளை அனுப்பச் சம்மதித்தது. தீயணைப்பு நிலைய அதிகாரிதான் பெருமையாகச் சிரித்தார்.

"எங்க பசங்க வாலிபால்ல புலிங்கம்மா. உங்களோட ஆடினா உங்களுக்குத்தான் கஷ்டம்."

"புலியைக் கொஞ்சம் உக்காரச் சொல்லுங்க சார், பாப்போம்" என்றாள்.

புலிகள் வந்து உட்கார்ந்தன. மணி அடித்தால் துள்ளி எழுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள் அவர்கள். பந்து பாய்ந்து வரும்போது உட்கார்ந்த இடத்தை விடாதே என்றால் எப்படி? பந்து வந்தது, எழும்பினார்கள். தூக்கல். அடுத்த பந்து, மறுபடியும் தூக்கல். ஒரு கை மட்டுமே உள்ள கல்லூரி மாணவி அடித்த பந்துகளை எடுக்க முடியாமல், மீசை வைத்த ஆட்களெல்லாம் தரையில் உருண்டு சிரித்தார்கள். அன்று மாலையே அதிகாரி வலை கட்ட நல்ல கம்பங்கள் இரண்டைக் கொடுத்தனுப்பினார், நடுவர் வேலைக்கும் ஆள் தருவதாகச் சொன்னார். வாரத்தில் ஒரு நாள் தன் ஆட்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சாத குறைதான்.

ஆட்ட நாளும் வந்தது. பைக்காரி தன் அணியோடு மண்டபத்துக்குள் நுழைந்தாள். வலையின் இரண்டு பக்கமும் ஆறாறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக நின்றன! அவள் அணிப் பக்கத்து நாற்காலிகளில் மெத்தை வேறு போட்டிருந்தது. தலைவர் பெருமை பொங்கப் பக்கத்தில் நின்றார்.

"எப்படி இருக்கு? நானே பாத்துப் பாத்துப் போட்டேன்."

"இது எதுக்குங்க ஐயா?"

"நீதானேம்மா உக்காந்து ஆடற ஆட்டம்னு சொன்னே?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே நெஞ்சுக்குள் ஏதோ எரியவும் செய்தது. "ஒரு வருஷமா உங்க மண்டபத்துல ஆடறோம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் எட்டிப் பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?" என்று கேட்டேவிட்டாள். தலைவர் முகத்தில் அசடு வழிந்தது. தன் கையாலேயே நாற்காலிகளை ஓரத்துக்கு இழுத்துப் போட்டார்.

மார்க்கெட் அணியில் லாரிக்கு லோடு ஏற்றும் ஆட்களும் இரண்டு கடைக்காரர்களும் இருந்தார்கள். ஒரு ஆள் குறைந்தது. வங்கிக்காரருக்குக் காய்ச்சலாம். "தலைவர் இருக்காரே! இளவயசுல வாலிபால் ஆடினவராச்சே!" என்று கூட்டத்தில் யாரோ ஏற்றிவிட, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வேறு வழியில்லாமல் பேண்ட்டை மடித்துக்கொண்டு, மூட்டு கடகடவென்று சத்தம் போட, தலைவர் தரையில் உட்கார்ந்தார்.

ஆரம்பத்தில் மார்க்கெட் அணி தூக்கல் தூக்கலாகக் கொடுத்தது, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு லோடு ஆட்களின் கை பழகிவிட்டது. தலைவருக்கும் பழைய ஆட்டம் விரலுக்குத் திரும்பிவிட்டது, நன்றாகவே அடித்தார். புள்ளிகள் ஏறி, கடைசிக் கட்டத்தில் இரண்டு அணியும் சமமாக வந்து நின்றன. தலைவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, கண்ணில் சின்னப் பையனின் வெறி. வலைக்குப் பக்கத்தில் பந்து உயர்ந்தது. ஓங்கி ஒரே போடு. பந்து மாவு மில் பெண்ணின் கையைத் தாண்டித் தரையில் விழுந்தது. மண்டபமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. நடுவராக இருந்த தீயணைப்பு வீரர் மார்க்கெட் பக்கம் கையை நீட்டினார்.

பைக்காரி வலையை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அடிக்கும்போது தலைவர் எழும்பியது அவள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. நடுவருக்கு லோடு ஆளின் முதுகு மறைத்துவிட்டது. வாசலில் நின்ற கணவரைப் பார்த்தாள். அவருக்கு இவள் முகம் புரிந்துவிட்டது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதிலும் நியாயம் இருந்தது. மண்டபம் யார் கையில் இருக்கிறது? இந்த மனிதரின் கையில்தானே? அவர் ஜெயித்துச் சந்தோஷமாக எழுந்து போனால் காரியம் முடிந்தது. இவள் வாயை மூடிக்கொண்டு அவரைக் கொஞ்சம் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கிவிடுவதா? அவளுக்கு உடம்பே கூசியது.

"தூக்கல்!" என்றாள்.

ஆரவாரம் சட்டென்று நின்றது.

"யாரு தூக்கினது?" என்றார் தலைவர்.

"நீங்கதான் ஐயா."

"நானா? உக்காந்த இடத்தை விட்டு அசையவே இல்ல!"

"உங்களுக்கும் தரைக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. பூனையே புகுந்து போயிருக்கும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் முகம் சிவந்துவிட்டது. நடுவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லோடு ஆள்தான் தொண்டையைக் கனைத்தான். "எழும்பினீங்க தலைவரே. நான் பக்கத்துலதானே இருந்தேன்."

பாயிண்ட் மாறியது. அதற்கடுத்த பந்தைத் தொலைபேசி ஆபரேட்டர் மூலையில் கொண்டுபோய் வைத்தார். ஆட்டம் முடிந்தது, பைக்காரியின் அணி ஜெயித்தது. அவள் வலைக்கடியில் கையை நீட்டினாள். தலைவர் அதைப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலில் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவள் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

சங்கச் செயலாளர் நேரம் காலம் தெரியாத மனிதர். மெல்ல வந்து குனிந்தார். "தலைவரே, எல்லாரும் இருக்காங்க. அந்த குடோன் விஷயத்தை இப்பவே பேசி முடிச்சிடலாமா?"

"எந்த குடோன்?" என்று தலைவர் சீறினார். தரையை விட்டு அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. "அடுத்த ஞாயிறு இவங்களை நான் ஜெயிச்சுக் காட்டணும். அதுவரைக்கும் எவனாவது இங்க ஒரு பெட்டியைக் கொண்டாந்து வெச்சான், பாத்துக்கோ!"

"சரிங்க. அப்ப அதுக்கடுத்த வாரம் குடோனை..."

"ஜெயிக்கற வரைக்கும்யா!" என்று கத்தினார். பிறகு பைக்காரி பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "நீ பொல்லாதவ. கண்ணுல விளக்கெண்ணெயை ஊத்திக்கிட்டு உக்காந்திருக்கே. உன்னை விடமாட்டேன்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ பேர் அவளைப் பார்த்து உச்சுக் கொட்டியிருக்கிறார்கள், தட்டிக் கொடுத்திருக்கிறார்கள், மேடையேற்றித் துண்டு போர்த்தியவர்கள்கூட உண்டு. அவளிடம் தோற்றுப்போன ஆத்திரத்தில் ஒருவர் அவளை முறைப்பது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. அத்தனை பேர் பார்க்கக் கண்ணீர் வழிந்தது, அவள் மறைக்கவில்லை.

புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க ஜெயிக்கற வரைக்கும்னா, நாங்க ஆயுசுக்கும் இங்கதான் ஆடுவோம் ஐயா."