மூட்டத்துக்குள் பாடிய கீர்த்தனை

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பயத்தில் என்று நினைக்காதீர்கள், பயப்பட எனக்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, மகள் போன பஸ் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அதே வேலைதான். இல்லாததற்கும் சேர்த்துப் பயப்பட நேரம் கிடையாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இவள் பேச்சை எப்படி நம்புவது என்று தோன்றும். தோன்றட்டும், நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது கண்டிக்கு மேலே, ஹந்தானைப் பக்கம், பழைய தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒட்டிய வீடுகள். அந்த வரிசையில் வேதக்காரர் என்றால் எங்கள் வீடு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை டவுனில் இருக்கிற சபைக்குப் போவோம். பாஸ்டர் ஒரு வரி எடுத்துக் கொடுப்பார், சபை அதைத் திரும்பப் பாடும், கைதட்டலும் அல்லேலூயாவுமாகக் கூரையே அதிரும். நான் வாயை அசைப்பேன், சத்தம் வராது. வீட்டில் ஜெபிப்பதும் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் குசுகுசுவென்றுதான். யார் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம்.

போன மழைக்காலத்தில் ஒருநாள். என் மகள் ஜெனி டவுனில் துணிக்கடையில் வேலை, இருட்டுவதற்கு முன்பே வந்துவிடுவாள். அன்றைக்குப் பின்னேரமே மூட்டம் இறங்கி, எதிரே இருக்கிற தண்ணீர்ப் பீலி கூடத் தெரியவில்லை. கரண்ட் இல்லை, இருட்டியும் ஜெனியைக் காணோம். அவளுக்குப் போன் எடுத்தால் லைன் இல்லை என்று சிங்களத்தில் ஒரு பெண் குரல் சொன்னது, அவ்வளவுதான். பஸ் ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு ஏறிவரக் குறுக்குப் பாதை உண்டு, நடுவில் ஓடைக்கு மேலே பலகைப் பாலம். வண்டி ரோட்டால் சுற்றியும் வரலாம், தூரம் என்பதால் யாரும் அதில் வருவதில்லை. என் வீட்டுக்காரரும் வேலையாகக் கம்பளைக்குப் போயிருந்தார். லயத்து முனையில் நின்று ஜெனி, ஜெனி என்று கத்தினேன். காற்றில் என் காதுக்கே கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு ராஜேஸ்வரி அக்கா குடையோடு வந்து நின்றார். அவர் கோயிலுக்குப் போகிறவர், வாய் கொஞ்சம் பெரிசு.

"இத்துனூண்டு பேர வச்சுக்கிட்டு கத்துனா காத்து தின்னுரும்டி. நீளமா எதாச்சும் பாடு. ஒங்க சபையில பாடுறது டவுனு பூரா கேக்குதாமே."

"வெக்கமா இருக்குக்கா."

"புள்ள வழி தெரியாம நிக்குது, நீ நல்லா வெக்கப்படு. ஒங்க சாமி செவிடா, இல்ல நீ ஊமையா?"

அது சுருக்கென்று தைத்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கீர்த்தனையை எடுத்தேன். முதல் வரி கரகரத்தது, இரண்டாவது வரி நடுங்கியது, அதற்குப் பிறகு, நம்பினால் நம்புங்கள், என் தொண்டைக்குள் இவ்வளவு சத்தம் இருந்ததா என்று எனக்கே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கீழே வண்டி ரோட்டுப் பக்கமிருந்து யாரோ அதையே பாடுவது கேட்டது, சபையில் திரும்பப் பாடுகிற மாதிரியே.

"யாருடி அது, ஒங்க ஆளா?" என்றார் அக்கா. அவருக்கும் கேட்டிருக்கிறது.

நான் பாட்டை மாற்றினேன். வாயில் வந்ததை, ஒரு பாட்டில் பாதி, இன்னொன்றில் இரண்டு வரி என்று பாடினேன், அந்தக் குரலும் விடாமல் கூடவே வந்தது. லயத்துக் கதவுகள் எல்லாம் திறந்து ஆட்கள் பார்க்கிறார்கள், எனக்கு வெட்கமும் இல்லை பயமும் இல்லை.

ஜெனி வந்துவிட்டாள். குறுக்குப் பாதையில் இல்லை, வண்டி ரோட்டால், தெப்பமாக நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஏண்டி சுத்தி வந்த?"

"பாலத்துக்கிட்ட வந்துட்டேம்மா. ஒண்ணுமே தெரியல. மேல நீங்க பாடுறது கேட்டுச்சு, வண்டி ரோட்டுப் பக்கம் கிட்டத்துல இன்னொரு ஆளும் பாடினாங்க. தொணைக்கு ஆளு இருக்கேன்னு அந்தப் பக்கம் திரும்பிட்டேன். நான் கிட்டப் போகப் போக அவங்களும் முன்னால போய்க்கிட்டே இருந்தாங்க. ஆளத்தான் காணல."

காலையில் ஆம்பிளைகள் போய்ப் பார்த்தார்கள். பாலம் இல்லை. ஓடைக்கரையும் சேர்ந்து இடிந்துபோயிருந்தது. அந்த மூட்டத்தில் காலை வைத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

வீட்டுக்காரர் கம்பளையிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "எக்கோ புள்ள. மலையில பட்டுத் திரும்பியிருக்கும். படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

சரி, எக்கோவாகவே இருக்கட்டும், அதையும் ஆண்டவர்தானே அனுப்பினார் என்று நானும் விட்டுவிட்டிருப்பேன். சோற்றைப் பிசைந்துகொண்டே ஜெனிதான் சொன்னாள்.

"எக்கோ பின்னாலதானப்பா வரும். அவங்கதான் மொதல்ல பாடினாங்க. அம்மா அதத் திரும்பப் பாடினாங்க. எல்லா வரியும் அப்படித்தான்."

அவர் எழும்பிப் போய் வாசல் கதவைப் பூட்டினார்.

இப்போது சபையில் என் குரல்தான் முதலில் கேட்கும். பீலியில் துணி துவைக்கும்போது, பஸ்ஸில், அடுப்படியில், எங்கேயும் வாய்விட்டுப் பாடுகிறேன், ஜெபிக்கிறேன், யார் திரும்பிப் பார்த்தாலும் கவலை இல்லை. "அன்னைக்கு ஒன்னையப் பாடச் சொன்னனே, என்னையச் சொல்லணும்" என்று ராஜேஸ்வரி அக்கா காதைப் பொத்துவார். என் பிள்ளையை அழைத்து வந்தது யார் என்று எனக்குத் தெரியும், எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.

ஒன்றே ஒன்றுதான். தனியாகப் பாடும்போது ஒரு வரி முடிந்து, அடுத்தது என்ன என்று நான் நினைப்பதற்கு முன்பே அது நாக்கில் வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது என்று திரும்பிப் பார்க்க மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.